அப்பா தமிழர், அம்மா சீனர்: நடனம் அமைப்பவருக்கு இது பலமா, பாரமா?

கேள்வி இதுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வளர்ந்த 21 வயதுப் பெண். அப்பா லிந்தாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த தமிழர், அம்மா புதுக்கிராமத்துச் சீனர். சின்ன வயதிலிருந்து பரதநாட்டியம் கற்றவள். இப்போது தற்கால நடனத்தில் சொந்தமாகப் படைப்புகள் அமைக்க ஆசை. "இரண்டு பண்பாட்டையும் கலந்து செய், உனக்கென்றே அமைந்த வாய்ப்பு" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். "கலந்தால் இரண்டும் கெட்டுப் போகும்" என்கிறார் நாட்டிய டீச்சர். கலப்புப் பின்னணி ஒரு நடனக் கலைஞரின் வாழ்க்கையில் உண்மையிலேயே என்ன செய்கிறது, அரங்கேற்றத்தை முடித்துவிட்டுத்தான் போகவேண்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன்மா. இரண்டு இனத்துக்குப் பிறந்துவிட்டதால் மேடைக்கு எதுவும் தானாக வந்துவிடாது. மற்றவர்களுக்கு முப்பது வயதில் வரும் சில கேள்விகள் உனக்கு ஏழெட்டு வயதிலேயே வந்திருக்கும், அவ்வளவுதான். சீனப் பெருநாளன்று பெரியம்மா வீட்டில் எந்த மொழியில் பேசுவது, கோவிலில் யாரோ திரும்பிப் பார்த்தால் எப்படி நிற்பது என்கிற மாதிரியான கேள்விகள். அவை நடனத்துக்கு நல்ல சரக்கு. ஆனால் அவற்றை அவசரப்பட்டு ஒரு 'ஐட்டம்' ஆக்கினால் கேள்வி செத்துவிடும், ஐட்டம் மட்டும் மிஞ்சும்.

என்ன ஐட்டம் என்று உனக்கே தெரியும். தேசிய தினம், பள்ளி ஆண்டு விழா, யாராவது ஒய்.பி. (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்) வருகிற திறந்த இல்ல உபசரிப்பு. முதல் இரண்டு நிமிடம் ஜொகெட் என்ற மலாய் நடனம், அடுத்து விசிறியோடு சீன நடனம், அடுத்து 'இந்திய நடனம்' என்ற பெயரில் பாங்ரா, கடைசியில் எல்லாரும் கைகோத்து நின்று கொடியசைப்பார்கள். நானும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பள்ளியில் கேட்டால் மறுக்க முடியாது, பிள்ளைகளும் சந்தோஷமாக ஆடுவார்கள். விழாவுக்கு அது போதும். உன் நண்பர்கள் "கலந்து செய்" என்று சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பதும் இதுதான், கொஞ்சம் நல்ல விளக்கும் நல்ல இசையும் சேர்த்து.

அதில் உடை மாறுகிறது, உடம்பு மாறுவதில்லை. பரதத்தில் நீ அரைமண்டியில் உட்கார்ந்து பாதத்தை முழுசாகத் தட்டுகிறாய். எடை நேராகத் தரைக்கு இறங்குகிறது. கை ஒரு கோட்டில் போய் ஒரு புள்ளியில் முடிகிறது, கண்ணும் அங்கேயே போய் நிற்கிறது. சீனச் செவ்வியல் நடனத்தில் இடப்பக்கம் போகவேண்டும் என்றால் முதலில் வலப்பக்கம் சாய்ந்துதான் தொடங்குவார்கள். மூச்சு முதலில் எழும், இடுப்பு பின்னால் வரும், கை கடைசியில் வந்து சேரும், எதுவும் ஒரு புள்ளியில் நிற்காமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே போகும். ஜொகெட்டிலோ முழங்கால் எப்போதும் தளர்ந்தே இருக்கும், பாதம் தரையில் தங்கவே தங்காது. ஓர் அசைவு உடம்பில் எங்கிருந்து கிளம்புகிறது என்பதிலேயே மூன்றும் மூன்று திசை. அந்த முரண்பாட்டை உடம்புக்குள் வாங்கி அதோடு மல்லுக்கட்டினால் ஏதாவது பிறக்கும். மூன்றையும் வரிசையாக அடுக்கினால் ஒன்றும் பிறக்காது.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "அப்பா பக்கத்துப் பரதம், அம்மா பக்கத்துச் சீன நடனம்" என்று எழுதியிருந்தாய். இரண்டுமே சரியில்லை. கும்பினித் தோட்டத்தில் பிறந்த உன் பாட்டி பரதம் ஆடியிருக்க வாய்ப்பே இல்லை. சதிர் என்று இருந்த ஆட்டம் 1930களில்தான் சென்னையில் புதுப் பெயரோடும் புது மரியாதையோடும் மேடையேறியது. ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கியது 1936இல். சிவதாஸ், கோபால் ஷெட்டி போன்ற ஆசிரியர்கள் 1950களில் கோலாலம்பூரில் கற்றுக்கொடுக்கத் தொடங்கியபிறகுதான் இங்கே அது பரவியது. அதுவும் முதலில் பட்டணத்துப் படித்த குடும்பங்களில். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இருந்தவை கும்மி, கரகம், காவடி, உருமி மேளம், தீமிதி. தமிழர் பெருமை என்று இன்று நாம் பிள்ளைகளைப் பரதத்துக்கு அனுப்புகிறோம், அது நல்லதுதான். ஆனால் அது பாட்டி விட்டுப்போன சொத்து இல்லை, நாம் பிறகு வாங்கிச் சேர்த்தது.

அம்மா பக்கமும் அப்படியே. இன்று சீனச் செவ்வியல் நடனம் என்று சொல்லிக்கொடுக்கப்படுவதன் பாடத்திட்டம் 1954இல் தொடங்கிய பெய்ஜிங் நடனப் பள்ளியில் உருவானது. பழைய இசைநாடக மேடையிலிருந்தும் தற்காப்புக் கலையிலிருந்தும் அசைவுகளைத் திரட்டி, பாலே பயிற்சி முறையையும் வைத்துக் கட்டியது. உன் அம்மாவைப் பெற்ற ஹக்கா கிழவி, கம்யூனிஸ்டுகளோடு பிரிட்டிஷ் அரசு போரிட்ட அவசரகாலத்தில் முள்கம்பி வேலி போட்ட புதுக்கிராமத்துக்குள் குடியேற்றப்பட்டவர். அந்த நடனத்தை அவர் எங்கே பார்த்திருப்பார்? சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் ஆவிகளுக்கு எடுக்கிற திருவிழா மேடையில் கூத்து பார்த்திருப்பார். தங்கக் காகிதத்தை மடித்து மடித்து எரிப்பதற்குக் குவித்திருப்பார்.

ஆகவே நீ கலக்க நினைக்கிற இரண்டுமே வகுப்பில் காசு கட்டிக் கற்கும் கலைகள். தவறில்லை. ஆனால் அவற்றைக் கலந்துவிட்டு "இது என் ரத்தம்" என்று நிகழ்ச்சிக் குறிப்பில் போடாதே.

அப்படியென்றால் உன்னுடையது எது? போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "பாட்டி பால் வெட்டினார், போபோ டூலாங் கழுவினார்." போபோ என்றால் அம்மாவின் அம்மா. கடிதம் முழுவதிலும் எனக்கு உயிரோடு பட்டது அந்த வரிதான்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதை நடனம் அமைப்பவரின் கண்ணோடு பார். விடிவதற்குள் போகவேண்டும், வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். ஒரு நிரையில் 400, 500 மரங்கள். முதலில் பழைய வெட்டில் காய்ந்திருக்கிற ஒட்டுப்பாலை விரலால் உரித்து எடுக்கவேண்டும். பால் வடியும் மங்கு என்ற கிண்ணத்தைத் துடைத்துச் சரியாக வைக்கவேண்டும். பிறகு கத்தி இடது மேல்பக்கம் தொட்டு வலது கீழ்ப்பக்கமாக இறங்கும். மரத்துக்குள் பால் குழாய்கள் எதிர்ச்சாய்வில் ஏறுவதால் இந்தச் சாய்வில் வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். ஆழம் போனால் மரம் புண்ணாகிவிடும், மேலாகப் போனால் பால் வராது. மில்லிமீட்டர் கணக்கு, அதுவும் தலைவிளக்கு வெளிச்சத்தில். கத்தி இறங்க இறங்க முழங்கால் மடியும், பாதம் பக்கவாட்டில் மரத்தைச் சுற்றி நகரும். மரத்தை அரைச் சுற்று வந்து முடிக்கும்போது உடம்பு ஒரு திருகாணி போல இறங்கியிருக்கும். எழுந்து அடுத்த மரம். கடைசியில் காண்டாக் கம்பில் இரண்டு வாளி பால், தோளில்.

டூலாங் கழுவுவது இன்னொரு வகை. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய மண்ணில் வட்டமான மரத்தட்டோடு தண்ணீரில் இறங்கி நிற்கவேண்டும். பெரும்பாலும் சீனப் பெண்கள். இடுப்பு வளைந்தே இருக்கும், கால் அசையாது. தட்டைத் தண்ணீரில் சுழற்றச் சுழற்ற லேசான மணல் விளிம்பு வழியாக வழிந்து போகும், கனமான ஈயத்தாது நடுவில் தங்கும். முழங்கையும் மணிக்கட்டும்தான் வேலை செய்கின்றன, பார்வை தட்டின் நடுவை விட்டு விலகுவதில்லை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வை. ஒருத்தி மரத்தைச் சுற்றித் தானே சுற்றுகிறாள். இன்னொருத்தி நின்ற இடத்தில் நின்று தண்ணீரைச் சுற்றவைக்கிறாள். ஒருத்தியின் எடை ஒவ்வொரு மரத்திலும் இறங்கி ஏறுகிறது. மற்றவளின் எடை காலை முதல் ஒரே மட்டத்தில். "தமிழ் நேர்கோடு, சீனம் வட்டம்" என்று நான் மேலே சொன்ன செவ்வியல் கணக்கெல்லாம் இங்கே செல்லாது, இரண்டு கிழவிகளும் வட்டம்தான் போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு வட்டமும் ஒரே உடம்பில் ஏறினால் என்ன ஆகும் என்பது கேட்கவேண்டிய கேள்வி. உன்னைத் தவிர யாருக்கும் அதைக் கேட்க இவ்வளவு உரிமை இல்லை.

தோட்ட உடம்பு பெரிய மேடைக்கு ஏறாத பொருள் என்று நினைத்துவிடாதே. ஷோபனா ஜெயசிங் சென்னையில் பிறந்து, இலங்கையிலும் மலேசியாவிலும் வளர்ந்து, லண்டனில் 1988இல் தன் குழுவைத் தொடங்கியவர். 2015இல் அவர் 'மெட்டீரியல் மென்' என்று இருவர் ஆடும் படைப்பை அமைத்தார். ஒருவர் சூரஜ் சுப்ரமணியம், நம் நாட்டில் பிறந்து, சூத்ரா என்ற நடன அமைப்பில் ரம்லி இப்ராஹிமிடம் பயின்றவர். இன்னொருவர் ஷைலேஷ் பஹோரன், ஹிப்ஹாப் ஆடும் டச்சுக்காரர். 1873 முதல் கப்பலேற்றி சூரினாம் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியக் கூலிகளின் வழிவந்தவர். இருவருக்கும் ஒரே நிறம், பூர்வீகத்தில் ஒரே நாடு, ஆனால் உடம்பின் பேச்சு வேறு வேறு. ஒருவர் அரைமண்டியில் நிமிர்ந்து நிற்க, மற்றவர் தலையையும் தோளையும் தரையில் ஊன்றிச் சுழல்கிறார். ஒப்பந்தக் கூலி முறை என்ற ஒரே வரலாறு இருவரையும் எங்கெங்கோ கொண்டுபோய்ப் போட்டிருப்பது, யாரும் வசனம் பேசாமலே தெரிகிறது. மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் நின்றுபோய், கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் சேர்த்துவரும் கங்காணி முறை 1938 வரை ஓடியது. உன் அப்பா வீட்டார் எந்த முறையில் வந்தார்கள் என்று விசாரித்துப் பார். அது தெரிந்தால் மேடையில் நீ நிற்கிற நிலையே மாறும்.

கலப்பைப் பற்றிப் பேசினால் அக்ரம் கானைச் சொல்லாமல் முடியாது. 1974இல் லண்டனில் வங்காளதேசப் பெற்றோருக்குப் பிறந்தவர், சின்ன வயதில் பிரதாப் பவாரிடம் கதக். பிறகு பல்கலைக்கழகத்தில் மேற்கத்தியத் தற்கால நடனம் கற்கப் போனபோது உடம்பு குழம்பியது. எங்கே நேராக நிற்பது, எங்கே தளர்வது என்று தசைக்கே தெரியவில்லை. அந்தக் குழப்பம்தான் தன் மொழியின் தொடக்கம் என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நான் மாணவர்களிடம் அதிகம் பேசுவது அவர் 2005இல் சிடி லார்பி ஷெர்காவியோடு சேர்ந்து செய்த 'ஜீரோ டிகிரீஸ்' பற்றி. லார்பியின் அப்பா மொரோக்கோக்காரர், அம்மா பெல்ஜியத்து ஃப்ளெமிஷ் பெண், உன் நிலைமைதான். தொடக்கத்தில் இருவரும் தரையில் பக்கம் பக்கமாக உட்கார்ந்து ஒரு கதை சொல்கிறார்கள். வங்காளதேசத்திலிருந்து இந்தியாவுக்குள் போகும் எல்லையில் காவலர்கள் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்ட கதை. ஒரே சொல், ஒரே நேரம், ஒரே கையசைவு. பேச்சில் தடுமாறி "அது வந்து..." என்று இழுப்பதுகூட இருவருக்கும் ஒரே இடத்தில். மூக்கைத் தொடுவதும் தோளைக் குலுக்குவதும் அச்சு அசல். பாஸ்போர்ட் கையைவிட்டுப் போனால் நான் யார் என்ற கேள்வியை அதில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. இரண்டு உடம்பும் ஒரே ஆளாகிப் போவதைப் பார்க்கும்போது நமக்கே வந்துவிடுகிறது. கதக் எங்கே, மொரோக்கோ எங்கே என்று தேடினால் அந்த இடத்தில் இரண்டுமே கிடைக்காது. இருவரும் தங்கள் பயிற்சியை ஆழமாக முடித்திருந்ததால்தான் அதை இறக்கி வைத்துவிட்டு வெறும் கையசைவோடு உட்கார முடிந்தது.

நம் நாட்டில் இன்னொரு பக்கமும் உண்டு. ரம்லி இப்ராஹிம் மலாய் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். ஆஸ்திரேலியாவில் பாலே, அடையாறு லக்ஷ்மணிடம் பரதம், ஒடிசாவில் தேவபிரசாத் தாஸிடம் ஒடிசி. 1983இல் சூத்ராவைத் தொடங்கினார், 2018இல் இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது. ஜகந்நாதர் முன்னால் ஆடவேண்டிய ஆட்டத்தை நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மலாய்க்காரர். அதே தேவபிரசாத் தாஸிடம் அதற்கு முன்பே ஒடிசி கற்று வெளிநாடுகளில் ஆடியவர் இந்திராணி ரஹ்மான். அவருடைய அம்மா அமெரிக்கர். மரியோன் டி குரூஸ் 1970களில் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஜொகெட் கமெலான் என்ற மலாய் அரண்மனை நடனத்தை ஆராய்ந்தவர். 1984இல் ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் என்ற கலைக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். இவர்களில் யாரும் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத் தங்கள் நடனத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த அறையில் எத்தனை வருடம் வியர்த்தார்கள் என்பதுதான் அவர்களுடைய பரம்பரை.

உரிமை என்றேன், அதற்கு எல்லையும் உண்டு. நம் ஊருக்கு உள்ளே, ஆற்றின் மேல்பக்கம் தெமியார் என்ற பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். சேவாங் என்ற பாட்டும் ஆட்டமுமான சடங்கு இரவில் பெண்கள் மூங்கில் குழாய்களைத் தரையில் இடித்துத் தாளம் போடுவதைக் கேட்டால் எந்த நடனக்காரிக்கும் கை பரபரக்கும். அந்தப் பாட்டுகள் கனவில் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டவை, அந்த ஆளோடு சேர்ந்தவை. "பேராக் மணம்" வேண்டும் என்று பதிவு செய்துகொண்டு வந்து பின்னணியில் ஓடவிடாதே. கலப்பில் பிறந்தவர்களுக்கு எல்லாருடையதும் தன்னுடையது என்று ஒரு தைரியம் வந்துவிடும். நான் அதைச் சில இளம் கலைஞர்களிடம் பார்த்திருக்கிறேன், எனக்குப் பிடிப்பதில்லை.

உன் டீச்சர் பயப்படுவதைப் பற்றி. அவர் சொல்வதில் பாதி உண்மை. தற்கால நடன வகுப்பில் பாதங்களை இணையாக வைத்து நிற்கச் சொல்வார்கள், இடுப்பைத் தளர்த்தச் சொல்வார்கள், தரையில் உருளவும் எழவும் பழக்குவார்கள். தொடக்கத்தில் உன் அரைமண்டி ஏறும், முதுகு தளரும், தட்டடவில் சத்தம் குறையும். அது கொஞ்ச காலம்தான். இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துச் செய்யாதே, உடம்பைச் சூடேற்றும் முறையே வேறு. பரதத்துக்கு ஒரு நாள், மற்றதற்கு வேறு நாள். மலேசியாவில் பிறந்த மேவின் கூ, அடையாறு லக்ஷ்மணிடம் கற்ற பரதத்தையும் பாலேயையும் இரண்டாகவே வைத்துப் பல வருடம் வளர்த்தவர், பிறகு அக்ரம் கான் குழுவில் முக்கியப் பொறுப்புக்குப் போனார். கலப்பது கடைசி வேலை. முறையாகப் படிக்க நினைத்தால் கோலாலம்பூரில் அஸ்வாரா என்ற தேசியக் கலைக் கல்விக்கழகம் இருக்கிறது. மலாய், சீன, இந்திய நடனங்களோடு பாலேயும் தற்கால நடனமும் ஒரே கூரையின் கீழ் கற்கலாம். அங்கே போனால் ஒரு நன்மை: நீ மட்டும்தான் கலப்பு என்ற நினைப்பு முதல் வாரமே போய்விடும்.

பாரம் என்று கேட்டாயே, அது வெளியிலிருந்து வருவது. போட்டிப் படிவத்தில் இனத்துக்கு மூன்று பெட்டி இருக்கும், நான்காவது 'லாய்ன்-லாய்ன்', அதாவது மற்றவர். நேர்காணலில் உன் அசைவைப் பற்றி ஒரு கேள்வி என்றால் உன் அம்மா அப்பா எப்படிச் சந்தித்தார்கள் என்று மூன்று கேள்வி வரும். நீ எதைச் செய்தாலும் 'ஒற்றுமை' என்று தலைப்புப் போட்டுவிடுவார்கள். ஒருமுறை ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் என் மாணவி ஒருத்தியிடம், அவளும் உன்னைப் போல் சீன-இந்தியக் கலப்பில் பிறந்த சிண்டியன்தான், "கொஞ்சம் இந்தியனா, கொஞ்சம் சீனமா தெரியுற மாதிரி மேக்கப் போட்டுக்கலாமே" என்றார். அவள் மரியாதையாகச் சிரித்துவிட்டு வழக்கம்போல் போட்டுக்கொண்டு ஆடினாள். நீயும் சண்டைக்குப் போகவேண்டியதில்லை. ஆனால் நிகழ்ச்சிக் குறிப்பை நீயே எழுது, இரண்டு வரியில். அதில் உன் இனம் இருக்கவேண்டியதில்லை. பாட்டி பால் வெட்டினார், போபோ டூலாங் கழுவினார் என்று இருந்தால் போதும்.

முதல் படைப்பை இந்த அளவில் வைத்துக்கொள்: எட்டு நிமிடம், நீ ஒருத்தி, சாதாரணச் சட்டை, கால்சட்டை. வெட்டுகிற மாதிரியும் கழுவுகிற மாதிரியும் நடித்துக் காட்டவேண்டாம், அது பள்ளி நாடகம் ஆகிவிடும். கத்தியையும் தட்டையும் எடுத்துவிட்டு எடை, வேகம், பார்வை மூன்றை மட்டும் வைத்துக்கொள். அதற்கு முன்னால் பாட்டியை ஒரு மரத்தின் முன் நிறுத்திச் செய்து காட்டச் சொல். இப்போது தோட்டமெல்லாம் செம்பனை, ஆனாலும் கம்பத்து (மலாய்க் கிராமத்து) பக்கம் பால்மரம் இன்னும் கிடைக்கும். போபோவிடம் குளியலறை வாளியும் ஒரு தாம்பாளமும் கொடுத்தால் போதும். வயதானவர்களின் உடம்பு மறப்பதில்லை. கை எங்கே தொடங்குகிறது என்று பார், படம் பிடிப்பதில் நேரத்தைப் போக்காதே. இசைக்கு உருமியை உடனே எடுக்காதே. அந்த வளைந்த குச்சி தோலில் உரசும் முனகல் எழுந்த உடனே பார்க்கிறவர்களுக்குத் தைப்பூசம் ஞாபகத்துக்கு வரும், நீ காணாமல் போவாய். முதலில் அமைதியில் அமை. தாளம் உன் மூச்சிலேயே கிடைத்தபிறகு இசைக்காரரைத் தேடு.

அரங்கேற்றம். செய்து முடி. மார்க்கம் முழுவதையும், அலாரிப்பிலிருந்து தில்லானா வரை, ஒரே மாலையில் தாங்குகிற மூச்சும் நினைவும் பின்னால் உனக்கு எதற்கும் உதவும். உன் டீச்சருக்கும் அது மரியாதை, பிறகு நீ வேறு பக்கம் போனாலும் அவர் மனம் கோணமாட்டார். ஆனால் பட்டணத்து மண்டபம், தமிழ்நாட்டிலிருந்து பக்கவாத்தியம், ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு என்று அப்பாவைக் கடனில் இறக்காதே. இங்கேயே கோவில் மண்டபத்தில், உள்ளூர்க் கலைஞர்களை வைத்துச் செய்யலாம், டீச்சரிடம் நான் வேண்டுமானால் பேசுகிறேன். மிச்சமாகும் பணம் கோலாலம்பூரில் முதல் வருட அறை வாடகைக்கு ஆகும்.